முதல் கியரை யாரும் கேட்கவில்லை

ராஜபாளையம்,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ராம்கிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் விஜியும் சுகமாக இருப்பீர்கள் என்று ஆண்டாளை நம்பி நானாகவே எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் நீ போட்ட செய்தியில் உன் சுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனில் பதில் போட்டால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இதற்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். இங்கே வெயில் இன்னும் அடங்கவில்லை, மலையில் மழை என்கிறார்கள், ஊருக்குள் ஒரு தூறலும் இல்லை. இந்த வருடம் சப்பட்டை மாம்பழமும் சரியில்லை, வாங்கியதில் பாதி உள்ளே கறுத்துக் கிடந்தது. உனக்குப் பிடிக்குமே என்று நினைத்துக்கொண்டே அறுத்தேன், நினைத்து என்ன செய்ய.

போன வாரம் நீ அப்பாவுக்குப் போட்ட செய்தியை நான்தான் படித்துக் காட்டினேன். நம் பழைய மோரிஸ் காருக்குப் புதுக் கிளட்ச் வாங்கிவிட்டாயாம், எரிந்துபோனதைவிடக் கெட்டியானதாம், நண்பர் ஒருவர் மதுரைக்கு வருகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறாயாம். அதை எப்படி மாட்ட வேண்டும், எந்த போல்ட்டை எம்மட்டும் இறுக்க வேண்டும், எதற்கு முன்னால் எதைக் கழற்ற வேண்டும், எல்லாம் விவரமாக எழுதியிருந்தாய். படிக்கப் படிக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி. உன் தங்கை யோகேஸ்வரியின் பிள்ளைக்கு ஆவணியில் காதுகுத்து வைத்திருப்பதற்கு லீவு கிடைக்காது, பெரியப்பா மகன் ராம்குமார் மடியில் வைத்துக் குத்திவிடுங்கள், மாமன் சீர் எல்லாம் நான் அனுப்பிவிடுகிறேன், வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று. கிளட்சுக்கு ஒரு பக்கம், தங்கை பிள்ளைக்கு ஒரு வரி. நான் படித்து முடித்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஞ்சு மார்க்கெட் பக்கம் போய்விட்டார்கள். பஞ்சுக் கழிவுக் கடையை மூடி வருடக்கணக்காகிறது, அங்கே என்ன வேலை என்று நானும் கேட்கவில்லை.

நடந்ததை எல்லாம் நீ உன் பக்கத்திலிருந்து மட்டும்தான் அறிவாய், அதுவும் நாங்கள் உன் மனது கோணாமல் சொன்ன வரைக்கும்தான். இன்றைக்கு உள்ளபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி. கடைசியாக நீ ஊருக்கு வந்த தீபாவளியில் விஜியை ஏற்றிக்கொண்டு மோரிஸை மதுரை ரோட்டில் ஓட்டிப் போனாய். திரும்பி வந்து இறங்கியதும் இறங்காததுமாக, எழுபதைத் தொட்டால் இன்ஜின் கத்துகிறது, பக்கத்தில் இருப்பவள் பேசுவது காதில் விழவில்லை, லாரிக்காரன் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்கிறான் என்று குறைப்பட்டாய். நாலு கியர் போதாது, ஐந்தாவது வேண்டும், இங்கிலாந்தில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் வேறொரு காரின் ஐந்து கியர் பெட்டியை எடுத்து இதற்கு மாட்டிக்கொள்கிறார்கள், அதற்கென்றே சாமான் செய்து விற்கிறார்கள் என்றாய். அந்த ஐந்தாவதற்கு ஓவர்டிரைவ் என்று பெயர் சொன்னாய். அதில் போட்டுவிட்டால் இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் சுற்றும், சக்கரம் வேகமாக ஓடும் என்று சாப்பாட்டுத் தட்டையும் டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பாவுக்குச் சுற்றிக் காட்டினாய். தங்கச்சி கல்யாணத்துக்கு நான் சென்னையில் இறங்குவேன், மோரிஸை அங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள், நாலு வழிச் சாலையில் நானே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறங்குவேன், அதே வண்டியில் மாப்பிள்ளை அழைப்பு என்றாய். அப்பா அதை எத்தனை பேரிடம் சொல்லித் திரிந்தார்கள் தெரியுமா? சலூனில் சொன்னார்கள், ரேஷன் கடையில் சொன்னார்கள், சொல்லாத இடம் இல்லை.

மறு ஆடியில் நீ வாங்கி அனுப்பிய கியர் பெட்டி தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது. அதை எடுக்க அப்பா நடந்த நடையை விடு, அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும். தென்காசி ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஆல்வின்தான் வேலையை எடுத்துக்கொண்டான். உன்னோடு படித்தவன், நீ சொன்னால் கிணற்றில் குதிப்பான். நீ அங்கிருந்து வீடியோவில் சொல்லச் சொல்ல அவன் செய்தான், அப்பா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கை வலித்தால் தோள் மாற்றுகிற மாதிரி என்னிடம் தந்துவிட்டு மறுபடி வாங்கிக்கொள்வார்கள். புதுப் பெட்டி பழையதைவிட நீளம். காரின் தரையில் நடுவே இருக்கும் மேட்டை வெட்டாமல் அது உட்காரவில்லை. கட்டரை வைத்து ஆல்வின் தகரத்தை அறுத்தபோது அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். வெட்டி முடிக்கும்வரை வரவில்லை. பெட்டி நீண்டதால் பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் குறைக்க வேண்டியிருந்தது, அதை லேத்தில் கொடுத்து அறுத்துச் சேர்த்தார்கள். அதோடு விட்டாயா, செய்வதுதான் செய்கிறோம் பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தையும் மாற்றிவிட்டால் இன்னும் வேகம் வரும் என்று அதையும் வாங்கி அனுப்பினாய். எல்லாம் மாட்டி முடித்து அப்பாவும் ஆல்வினும் திருமங்கலம்வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்தார்கள். எண்பதில் போகும்போது பாட்டுக் கேட்கலாம் போல இருக்கிறது என்று அப்பா சிறுபிள்ளை மாதிரி சொன்னார்கள். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஐந்தாவது கியரைப் பற்றி நீ பேசினாய், ஆல்வின் பேசினான், அப்பா பேசினார்கள், தெருவில் போனவர் வந்தவர் எல்லாம் எட்டிப் பார்த்துப் பேசினார்கள். முதல் கியர் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காருக்கு இங்கே என்ன வேலை என்று உனக்குத் தெரியாதா ராம்கி? மேல்மூடியை மடக்கிவிட்டால் அது திறந்த வண்டி. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெரிந்தவர் தெரியாதவர் யார் வீட்டில் முகூர்த்தம் வைத்தாலும், மாப்பிள்ளை அழைப்புக்கு வேண்டும் என்று வெற்றிலை பாக்குத் தட்டோடு நம் வீட்டுக்குத்தான் வருவார்கள். அப்பா வாடகை வாங்கியதில்லை, தட்டில் வைக்கும் வேட்டி துண்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வேறு ஒருவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்ததும் இல்லை. முன்னால் நாயனமும் தவிலும் நடக்க, பின் இருக்கையில் மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருக்க, அப்பா முதல் கியரில் போட்டுக் காலை எடுத்துவிடுவார்கள். எதையும் மிதிக்க வேண்டாம். வண்டி தானாக ஆள் நடக்கும் நடையில் மேளத்தின் பின்னாலேயே போகும். நாயனக்காரர் இழுத்து வாசித்தால் அதற்குத் தக்கபடி போகும். அந்தப் பழைய பெட்டியும் பழைய கிரவுனும் அப்படி. கடைவீதி முழுக்க அப்பா முகத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். பஞ்சுக் கழிவு வியாபாரம் செய்த மனிதருக்கு வேறு யார் கும்பிடு போட்டார்கள்? வேகமாகப் போவது அந்த வண்டியின் வேலையே இல்லை. அது உனக்கு வேண்டியிருந்தது, அதுவும் சென்னையிலிருந்து ஒரே ஒரு தடவை வருவதற்கு.

அந்த ஒரு தடவையும் நீ வரவில்லை. பத்திரிகை அடித்து, உன் பெயரை முதலில் போட்டு, ஊரெல்லாம் கொடுத்த பிறகு போன் செய்தாய். கம்பெனியில் புதிதாக எதையோ தொடங்குகிறார்களாம், தை கழியும்வரை நீ நகர்ந்தால் எல்லாம் நின்றுவிடுமாம். நான் அழுததும் நீ சமாதானம் சொல்கிறேன் என்று, நான் வராவிட்டால் என்ன அம்மா, நான் அனுப்பிய கியர்பாக்ஸ் வந்துவிட்டதே, நானே வந்த மாதிரிதான் என்று சொல்லிச் சிரித்தாய். நீ மறந்திருப்பாய். சொன்னவர்களுக்கு மறந்துவிடும்.

மாப்பிள்ளை வீட்டார் விருப்பப்படி ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பிடித்திருந்தோம். அழைப்பு அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை கௌதம்ராஜுக்கு மாலை போட்டு, வண்டியில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து மண்டபம்வரை கூட்டி வருவது பெண்ணுடன் பிறந்தவன் முறை. ராம்குமாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். உனக்கென்று எடுத்த பட்டுச் சட்டையைத்தான் அவனுக்குப் போட்டோம், தோளில் பிடித்தது, பட்டன் போட முடியாமல் கையால் பிடித்துக்கொண்டே இருந்தான். மேளம் புறப்பட்டது. அப்பா முதல் கியரில் போட்டுக் காலை எடுத்தார்கள். வண்டி துள்ளிக்கொண்டு போய்த் தவில்காரர் முதுகில் இடிக்கப் பார்த்தது. அவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். அப்பா பிரேக்கை அழுத்த வண்டி உறுமி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பாதி மிதித்தும் பாதி விட்டும் ஓட்டினார்கள். வேறு வழி என்ன இருக்கிறது, முதல் கியரே ஓடப் பார்க்கிறது, மேளமோ நகர்ந்து நகர்ந்து போகிறது. நான் ஆரத்தித் தட்டோடு வண்டிக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். அப்பாவின் இடது கால் நடுங்குவது கதவுக்கு மேலே எனக்குத் தெரிந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. கூட்டத்தில் ஒருவன், பெரியவருக்கு வண்டி ஓட்ட மறந்துபோச்சு போல என்றான். அவர்கள் ஓட்டிய அந்த வண்டியில்தான் இவன் அப்பனுக்கே மாப்பிள்ளை அழைப்பு நடந்திருக்கும். ரத வீதி திரும்பும்போது ஒரு கருகல் வாடை வந்தது. நான் முதலில் கற்பூரத் தட்டில் எதுவோ தீய்கிறது என்று நினைத்தேன். பிறகு தரையில் வெட்டி ஒட்டிய இடத்து வழியாகப் புகை எழும்பி மாப்பிள்ளை காலடியில் வந்தது. வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, சக்கரம் அசையவில்லை.

மேளம் நின்ற பிறகு வரும் அந்த அமைதி உனக்குத் தெரியாது. வீதியில் அம்புட்டுச் சனமும் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் மாப்பிள்ளையின் சித்தப்பா சேதுபதி, யாரைப் பார்த்தும் இல்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “பொண்ணுகூடப் பொறந்தவன் வரல. அவன் அனுப்புன பொட்டிதான் வந்துச்சு, அதுவும் நடுத்தெருவுல நின்னுபோச்சு.” நாலு பேர் சிரித்தார்கள். நீ போனில் சொல்லிச் சிரித்த அதே வார்த்தைதான், கொஞ்சம் மாற்றிச் சொன்னார், அவ்வளவுதான். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. மாலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார், அப்பா பக்கம் வந்து குனிந்து, “நடந்தா என்ன மாமா, நான் சின்னப்பிள்ளைல இருந்து ஓடித் திரிஞ்ச வீதிதான” என்றார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஊர்வலம் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயிற்று, பெண்ணைப் பெற்றவர் எரிந்த வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு குட்டியானை வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தில் பூ அப்படியே கிடந்தது.

இதெல்லாம் ஒரு விஷயமா, கிளட்ச் எரிவது எல்லா வண்டிக்கும் உள்ளதுதானே என்று அப்போது நீ சொன்னாய். உனக்கு எரிந்தது கிளட்ச். உன் தங்கை யோகாவுக்கு அது என்ன என்று கேட்டிருக்கிறாயா? அந்த வீட்டில் குழம்பில் உப்புக் கூடினாலும், மோட்டார் ரிப்பேரானாலும், அழைப்புக்கே மாப்பிள்ளையை நடக்க வைத்த சம்பந்தம்தானே என்று ஒரு பேச்சு வரும். அவள் உன்னிடம் சொல்லமாட்டாள். அண்ணன் தூரத்தில் இருக்கிறான், மனது கஷ்டப்படுவான் என்பாள். அப்பாவோ வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். வருடம் ஓடிப்போயிற்று, முகூர்த்த மாதம் வரும் போகும், வெற்றிலைத் தட்டோடு ஒருவரும் நம் வாசலுக்கு வரவில்லை. போன சித்திரையில் ஆலங்குளத்துக்காரர் ஒருவர் மட்டும் வந்தார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், வண்டி ஓட வேண்டாம் அண்ணாச்சி, நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள், எங்கள் பையன்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்று. அப்பா அவருக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, “தள்ளிக்கிட்டுப் போறதுக்கு அதென்ன பாடையா” என்று கேட்டார்கள். வந்தவர் காப்பியைக் குடிக்காமல் போனார். இத்தனை வருடத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் அவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

யோகாவுக்குப் பையன் பிறந்த பிறகுதான் வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. காதுகுத்துக்கு நாள் குறித்த அன்று அப்பா தானாகப் போய்த் தார்ப்பாயை எடுத்தார்கள். ஆல்வினை வரச் சொன்னார்கள். உன் பெட்டியை இறக்கிவிட்டுப் பழையதையே ஏற்று என்றார்கள். பழைய பெட்டி நம் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது, பழைய கிரவுனை ஆல்வின் இரும்புக்குப் போடாமல் வைத்திருந்தான், ஏதோ அந்த மட்டும் நம் நல்ல காலம். அறுத்த ஷாஃப்டை மறுபடி நீளமாக்க வேண்டும், வெட்டிய தரையில் தகரம் வைத்து வெல்டிங் வைக்க வேண்டும், வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பாய் என்று ஆல்வினையும் சொல்ல விடவில்லை. நீ கிளட்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது அந்தக் கிளட்ச் பொருந்துகிற வண்டியே இங்கே இல்லை. ஆல்வின் கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள் என்றதும் அப்பா முதல் கியரில் போட்டுக் காலை எடுத்தார்கள். வண்டி நம் தெருவில் நடந்தது. நான் கதவில் கையை வைத்துக்கொண்டு தெருமுக்குவரை கூடவே நடந்தேன், மூச்சு வாங்கவில்லை. தரையில் தழும்பு தெரிகிறது, அதற்கு ஒரு மிதியடி விரித்துவிட்டார்கள்.

உன் ஐந்து கியர் பெட்டி எங்கே என்று கேட்பாய். விற்கவில்லை, பயப்படாதே. அது வந்தால் நீயே வந்த மாதிரி என்று சொன்னாயே, அதனால் உன் அறையில் உன் கட்டிலிலேயே சாக்கை விரித்து வைத்திருக்கிறோம். எண்ணெய் கசிந்து மெத்தையில் பட்டுவிட்டது. அறையைக் கூட்டப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி காரியத்துக்கு வருகிறேன். காதுகுத்து ஆவணி கடைசி முகூர்த்தம். அதே ஸ்ரீவில்லிபுத்தூர், அதே மண்டபம். சேதுபதி பிடிவாதமாக அதைத்தான் பிடித்தார், அன்றைக்கு வண்டி நின்றதை ஊருக்கு ஞாபகப்படுத்தத்தான் என்று உனக்கும் புரியும். மாமன் சீரோடு வரும் ஊர்வலம் அதே ரத வீதி வழியாகத்தான் வரவேண்டும். மாமன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மோரிஸில் வரவேண்டும், நான் ஓட்டுவேன், மேளத்தின் பின்னால் அதன் நடையிலேயே மண்டபம்வரை ஓட்டிக் காட்டுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஒன்றுதான் இனி வேண்டும். இதற்குப் பிறகு வண்டியை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். உன் செய்தி வந்த பிறகு நான் ராம்குமாரிடம் போய்க் கேட்டேன். மாட்டேன் என்றான். “ஒரு தடவ அவன் எடத்துல உக்காந்துட்டேன் சித்தி, ஊரே என் மூஞ்சியப் பாத்துச்சு. திரும்பவும் உக்காரச் சொல்லாதீக.” அவன் சொல்வதிலும் தப்பில்லை. யோகாவுக்குப் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்குவது கேட்டது. பிறகு, “அண்ணன் மடியில்லாட்டி எம்பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்மா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவளிடம் அந்தப் பேச்சை நான் எதிர்பார்க்கவில்லை. குறித்த நாளை நிறுத்தினால் அந்த வீட்டில் அவள் எப்படித் தலைநிமிர்ந்து இருப்பாள் என்று யோசித்துப் பார். உன் கம்பெனி நீ இல்லாமல் நின்றுவிடும் என்று அவள் கல்யாணத்தின்போது சொன்னாய். நீ வந்திருந்தாலும் அது நின்றிருக்காது என்று விஜி பிறகு என்னிடம் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான் கேட்டதால் சொன்னாள், அவளுக்குப் பொய் சொல்ல வராது.

நான் உன்னைத் திட்டவேண்டும் என்று உட்காரவில்லை. உட்கார்ந்ததும் வந்துவிட்டது. உனக்குக் காசு அனுப்பத் தெரியும், சாமான் அனுப்பத் தெரியும், பிறந்தநாளுக்குக் கேக்குக்கூட மதுரைக் கடையிலிருந்து வாசலுக்கு வருகிறது, நாங்கள் இரண்டு பேரும் சர்க்கரைக்காரர்கள் என்பதுதான் உனக்கு நினைவு வருவதில்லை. நல்ல மகன் என்று ஊர் சொல்கிறது, நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். எனக்குச் சாமான் போதும் ராம்கி. வீட்டில் வைக்க இடமில்லை.

குளிர்காலம் இல்லை என்று தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே சாப்பிடாதே. விஜிக்கு முதுகு வலி என்றாளே, உளுந்தங்களி கிண்டிக் கொடு, மாவு அனுப்பியிருந்தேனே அது இன்னும் இருக்கும், உனக்கும் கிண்டத் தெரியும். இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி இருக்க வேண்டும். ஆண்டாள் உங்களுக்கு எல்லா நலமும் கொடுக்கட்டும். நான் என்ன கோபத்தில் எழுதினாலும் அது என் வாயோடு போகும், என் ஆசீர்வாதம் உன் தலையில் இருக்கும். கிளட்சை யார் கையிலும் கொடுத்தனுப்பாதே, அதற்கு இங்கே வேலையில்லை.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், நீங்கள் ஏதாவது எழுத வேண்டுமா என்று அப்பாவிடம் நீட்டினேன். வாசலில் மோரிஸின் பின் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை. “சீரெல்லாம் அனுப்புறேன்னானே, மாமன் மடி எந்தக் கப்பல்ல வருதுன்னு கேட்டு எழுது” என்றார்கள். கேட்டு எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்திருக்கும் அம்மா
செல்வலட்சுமி